மெத்தென்ற சீட் ஏன் வலிக்கிறது?

காலை 4 மணி. ஹரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் கிராமத்துப் பால்காரர்கள் புறப்படும் நேரம் அது. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்கள் தொங்கும். ஒரு காலத்தில் இந்த வேலையில் ராஜ்தூத் வண்டிகளை நிறையப் பார்க்கலாம். இப்போது பல கம்பெனி வண்டிகள் வந்துவிட்டன. வேலை மட்டும் மாறவில்லை. ஊர் ஊராகப் பால் எடுக்க வேண்டும். டவுனுக்குக் கொண்டு போய் வீடு வீடாக ஊற்ற வேண்டும். திரும்பி வர மதியம் ஆகிவிடும்.

நகரங்களில் வேறு ஆட்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறவர்கள், கூரியர் கொடுப்பவர்கள், மருந்து விற்பனையாளர்கள், பைக் டாக்ஸி ஓட்டுபவர்கள். தையல்காரருக்கு ஸ்டூல் எப்படியோ, அப்படித்தான் இவர்களுக்கு வண்டி சீட். நாள் முழுவதும் அதில்தான் வேலை.

பெட்ரோலுக்குக் கணக்கு வைப்பார்கள். டயரைப் பார்ப்பார்கள். ஆயில் மாற்றுவார்கள். சீட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை, வலி வரும் வரை. வலி வந்த பிறகும் "வண்டி ஓட்டினால் வலிக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடுவது சரியல்ல. இடுப்பு வலிக்கிறவர் சீட்டில் நெளிந்துகொண்டே ஓட்டுவார். கவனம் சாலையில் நிற்காது. கால் மரத்துப் போனால் பிரேக்கை மிதிக்கத் தாமதம் ஆகும். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும்.

குஷன் கடைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு ஒன்று உண்டு.

"உஸ்தாத், சீட் ரொம்பக் கட்டையா இருக்கு. நல்லா மெத்துனு இன்னும் 1 அங்குலம் ஃபோம் போட்டுக் கொடுங்க."

"போட்டுத் தர்றேன் பாய். ஆனா ஒரு மாசத்துல திரும்பி வருவீங்க."

அந்த உஸ்தாத் சொல்வது சரிதான். ஏன் என்று பார்ப்போம்.

உட்காரும் எலும்புகள்

ஒரு மரப் பெஞ்சில் உட்காருங்கள். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே இருக்கும்படி பிட்டத்துக்கு அடியில் வையுங்கள். கொஞ்சம் முன்னும் பின்னும் அசையுங்கள். இரண்டு எலும்பு முனைகள் உள்ளங்கையில் குத்தும். இடுப்பு எலும்பின் அடிப்பகுதி அது. நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும் பங்கு இந்த இரண்டு முனைகளில் இறங்குகிறது.

இந்த முனைகளுக்கும் சீட்டுக்கும் நடுவில் தோலும் சதையும் இருக்கின்றன. அவற்றில் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அதிக நேரம் அழுத்தினால் அந்த இடத்துக்கு இரத்தம் சரியாக வராது. முதலில் எரிச்சல் வரும். பிறகு வலிக்கும். பிறகு மரத்துப் போகும். எழுந்து நின்றதும் இரத்தம் ஓடும். ஊசி குத்துவது போல இருக்கும். சற்று நேரத்தில் சரியாகிவிடும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருடைய எடை 60 கிலோ. கை, கால் தாங்குவது போக 45 கிலோ சீட்டில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு எலும்பு முனைகளில் மட்டும் இறங்கினால் என்ன ஆகும்? ஒரு முனைக்கு 20 சதுர சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு இடம் என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து 40. அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 1 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். அதே 45 கிலோ, பிட்டமும் தொடையும் சேர்ந்த 450 சதுர சென்டிமீட்டரில் பரவினால்? ஒவ்வொன்றுக்கும் 100 கிராம்தான்.

பாரம் குறையவில்லை. பரவியிருக்கிறது, அவ்வளவுதான். நல்ல சீட் செய்யும் வேலையும் இதுவே.

தலையில் குடம் சுமக்கும் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல. குடத்தின் அடியில் சும்மாடு வைக்கிறார்கள். ராஜஸ்தானில் தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கும் பெண்களும் வைக்கிறார்கள். சும்மாட்டுக்குத் துணியை எப்படிச் சுருட்டுகிறார்கள்? முறுக்கி, இறுக்கிச் சுருட்டுகிறார்கள். பஞ்சு போலத் தளரச் சுருட்டி வைத்தால் குடத்தின் பாரத்தில் அது நசுங்கிவிடும். பாரம் மறுபடியும் உச்சந்தலையில் ஒரே இடத்தில் இறங்கும்.

மெத்தென்ற ஃபோமும் அப்படியே. கடையில் விரலால் அழுத்தும்போது சுகமாக இருக்கும். உட்கார்ந்து 5 நிமிடம்கூடச் சுகம்தான். பிறகு அது நசுங்குகிறது. எலும்பு முனைகள் ஃபோமைத் தாண்டி அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைத் தொடுகின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியும் நேராக முதுகில் ஏறும்.

உட்கார்ந்த முதல் நிமிடத்தில் சற்றுக் கெட்டியாகத் தெரியும் சீட்தான் பெரும்பாலும் இரண்டாவது மணி நேரத்திலும் நன்றாக இருக்கும். சீட் வாங்கும்போது எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சீட்டில் கை வைக்கும் முன்

எல்லா வலிக்கும் சீட் காரணம் அல்ல. காசு செலவழிக்கும் முன் வேறு சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் டயர். அளவுக்கு மேல் காற்று அடித்த டயர் கல் போல இருக்கும். வண்டியில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ காற்றின் அளவு போட்டிருக்கும். தனியாகப் போகும்போது ஓர் அளவு, பின்னால் ஆள் இருக்கும்போது ஓர் அளவு. அதன்படி அடிக்க வேண்டும்.

அடுத்தது சாக் அப்சார்பர். அதன் தண்டில் எண்ணெய் வழிந்திருக்கிறதா? அப்படியானால் அது வேலை செய்யவில்லை. அதை மாற்றாமல் எந்த சீட் போட்டாலும் பயன் இல்லை. நன்றாக இருக்கும் சாக் அப்சார்பரிலும் ஒரு விஷயம் உண்டு. அதன் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் பல வண்டிகளில் 5 படிகள் இருக்கின்றன. பாரம் ஏற்றினால் இறுக்க வேண்டும். தனியாகப் போனால் தளர்த்த வேண்டும்.

பால்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 40 லிட்டர் கேன் இரண்டு என்றால், பால் மட்டுமே 80 கிலோவுக்கு மேல். அதற்காக ஸ்பிரிங்கைக் கடைசிப் படி வரை இறுக்கி வைக்கிறார்கள். அது சரி. ஆனால் பால் ஊற்றி முடித்துத் திரும்பும்போது கேன் காலி. ஸ்பிரிங் மட்டும் இறுகியே இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி ஆளைத் தூக்கிப் போடுகிறது. பாரம் ஏற்றிப் போகும்போது இல்லாத வலி, வெறுங்கேனோடு வரும்போது வருவது இதனால்தான். வண்டியோடு வரும் சிறிய ஸ்பேனரால் ஸ்பிரிங்கை 2 படி தளர்த்திவிட்டுக் கிளம்பலாம். இரண்டு நிமிட வேலை. செலவும் இல்லை.

இன்னொன்று பர்ஸ். பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! ஒரு பக்கம் மேடாகி இடுப்பு சாய்கிறது. அந்தப் பக்கம் காலுக்குப் போகும் நரம்பும் அழுத்தப்படுகிறது. பர்ஸை முன் பக்கம் வையுங்கள். உள்ளாடையின் தடித்த தையலும் தொடை இடுக்கில் அறுக்கும். வியர்வையை உறிஞ்சும் பருத்தி உள்ளாடை நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் வலித்தால், சீட்டைப் பார்க்கலாம்.

ஃபோம் செத்துவிட்டதா?

சீட்டின் உள்ளே இருக்கும் ஃபோம் கோடிக்கணக்கான சின்னச் சின்ன காற்றறைகளால் ஆனது. நாம் உட்கார்ந்தால் அறைகள் அமுங்கும். எழுந்தால் மறுபடியும் விரியும். பல வருடங்கள் ஓடினால் அறைச் சுவர்கள் தளர்ந்து உடைகின்றன. அமுங்கியது விரியாது. "ஃபோம் செத்துப்போச்சு" என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, பாரத்தை அதில் கொடுங்கள். அடியில் தட்டு தட்டுப்படுகிறதா? அப்படியானால் ஃபோமின் காலம் முடிந்தது.

எலும்பு முனைகள் எங்கே இறங்குகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளலாம். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி மரப் பெஞ்சில் போடுங்கள். அதன் மேல் உட்கார்ந்து கால்களைச் சற்றுத் தூக்குங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் இருக்கும். பொதுவாகப் பெண்களுக்கு இந்த இடைவெளி ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். சீட்டின் அகலம் இந்த இரண்டு குழிகளையும் தாங்க வேண்டும். முன்பக்கம் குறுகலான சீட்டில் டேங்கை ஒட்டி உட்கார்ந்தால் எலும்புகள் விளிம்பில் தொங்கும். சற்றுப் பின்னால் தள்ளி அகலமான இடத்தில் உட்கார்ந்தாலே பாதி வலி போகலாம்.

பழைய காலத்து வண்டிகளில் வேறு ஏற்பாடு இருந்தது. 1955இல் சென்னையில் புல்லட் வண்டி செய்யத் தொடங்கினார்கள். பழைய புல்லட் வண்டிகள் பலவற்றில் ஓட்டுபவருக்குத் தனி சீட். அதன் அடியில் இரண்டு ஸ்பிரிங். குலுக்கலை ஸ்பிரிங் வாங்கிக்கொண்டது. பாரத்தைப் பரப்புவது மட்டும் சீட்டின் வேலை. பிறகு இருவர் உட்காரும் நீள சீட் வந்தது. இரண்டு வேலையும் ஃபோமின் தலையில் விழுந்தது.

குஷன் கடையில்

பெரிய ஊர்களில் வண்டி சாமான் விற்கும் தெருக்கள் இருக்கின்றன. டெல்லியில் கரோல் பாக் இதற்குப் பேர் போனது. சின்ன டவுனிலும் சீட் தைப்பவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவது நல்லது.

ஃபோமை அடர்த்தி எண் சொல்லி விற்பார்கள். 1 கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதே அந்த எண். 40 அடர்த்தி என்றால், 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள ஃபோம் 40 கிலோ இருக்கும். எண் குறைந்தால் அதில் காற்று அதிகம், சரக்கு குறைவு. சீக்கிரம் தளர்ந்துவிடும். தலையணைக்குப் போடும் ஃபோமை வண்டிக்குப் போடக் கூடாது. ஃபோம் துண்டுகளை அரைத்து அழுத்தி ஒட்டிச் செய்த கெட்டி ஃபோமும் உண்டு. பல நிறப் புள்ளிகள் கலந்து தெரியும். மலிவாகவும் கிடைக்கும். அடி அடுக்குக்கு இது பொருத்தம்.

நல்ல சீட்டில் இரண்டு அடுக்கு. அடியில் கெட்டி ஃபோம். அது எலும்பைத் தட்டில் இடிக்க விடாது. மேலே அரை அங்குலம் அல்லது முக்கால் அங்குலம் மென்மையான ஃபோம். அது தோலுக்குச் சுகம். சும்மாடும் அதன் மேல் ஒரு துண்டும் போல.

உஸ்தாத் முதலில் சீட்டைக் கழற்றுவார். பின்களைப் பிடுங்கி ரெக்சின் உறையை எடுப்பார். அப்போது நீங்கள் உட்காரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள். செத்த ஃபோமை அந்த இடத்தில் மட்டும் வெட்டி எடுத்தால் போதும். புதுக் கெட்டி ஃபோமைப் பசை போட்டு ஒட்டுவார். பசை நன்றாகக் காய வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. பிறகு விளிம்புகளைத் தேய்த்துச் சரிவாக்குவார்.

அடுத்தது முக்கியமான கட்டம். உறை போடும் முன், சீட்டை வண்டியில் மாட்டி உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிமிடம் போதாது. 20 நிமிடம் உட்காருங்கள். கடைக்காரர் டீ குடித்துவிட்டு வரட்டும். வலி தொடங்கினால் எந்த இடம் என்று காட்டுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுப்பார். உறை போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது.

உட்காரும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சீட் முன்பக்கம் சரிகிறதா? சரிந்தால் பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு டேங்கில் போய் இடிக்கும். தொடை இடுக்கு மரத்துப் போவதற்கு இதுவே காரணம். சீட் ஏறக்குறைய மட்டமாக இருக்கட்டும். இரண்டாவது, உயரம். சீட் ஓர் அங்குலம் உயர்ந்தால் கால் தரைக்கு எட்டுவதில் வித்தியாசம் தெரியும். குட்டையானவருக்கு, அதுவும் கேன் கட்டிய வண்டியில், இது ஆபத்து. வண்டி சாய்ந்தால் தாங்க முடியாது. இரண்டு பாதமும் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். நெட்டையானவருக்கு அதே ஓர் அங்குலம் முழங்கால் மடிப்பைக் குறைத்து நன்மை செய்யும். மூன்றாவது, தொடைகள் வரும் முன்பக்கம். அங்கே விளிம்பு கூராக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும்.

உறையில் தையல் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். எலும்பு இறங்கும் இடத்தில் தையல் வந்தால் அது குத்தும். மழையில் தண்ணீரும் அந்த வழியாகவே உள்ளே போகும். நனைந்த ஃபோம் நாள் கணக்கில் காயாது. நாற்றம் அடிக்கும். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் ஒரு பாலிதீன் தாள் போடச் சொல்லுங்கள்.

ஃபோமையும் உறையையும் மாற்றுவது சாதாரண விஷயம். சீட்டுக்காக வண்டியின் இரும்புச் சட்டத்தை அறுத்து வெல்டிங் வைப்பது அப்படி அல்ல. வண்டி பலம் இழக்கும். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் தடுக்கிறது.

மேலே போடும் உறைகள்

ஃபோம் மாற்ற இப்போது வசதி இல்லை என்றால், மேலே போடும் உறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

கோடையில் வலை உறை நல்லது. தடித்த வலை உடம்பைச் சீட்டிலிருந்து சற்றுத் தூக்கி வைக்கும். நடுவில் காற்று ஓடும். வியர்வை காயும். கறுப்பு ரெக்சின் வெயிலில் கொதிப்பதிலிருந்தும் தப்பிக்கலாம். மர மணி உறையும் காற்றோட்டம் தரும். சிலருக்கு மணி குத்தும். உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஜெல் திண்டு முதலில் குளுமையாக இருக்கும். ஆனால் வெயிலில் நிறுத்தினால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காற்றுத் திண்டு பாரத்தை நன்றாகப் பரப்பும், காற்று குறைவாக இருந்தால் மட்டும். பலரும் பந்து போல ஊதிவிடுகிறார்கள். அப்போது உடம்பு ஆடும். உட்கார்ந்த பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுங்கள். எலும்பு சீட்டைத் தொடாமல் மயிரிழையில் நிற்க வேண்டும். அதுதான் அளவு.

எதைப் போட்டாலும் வாரினால் இறுக்கிக் கட்ட வேண்டும். மடித்த போர்வையைச் சும்மா போட்டு உட்கார்ந்தால் திடீர் பிரேக்கில் போர்வையோடு ஆளும் வழுக்குவார்.

பின்னால் உட்காருபவர்

சீட்டைப் பற்றிப் பேசும்போது ஓட்டுபவரைப் பற்றியே பேசுகிறோம். பின்னால் உட்காருபவரின் பாடு இன்னும் மோசம். அவர் பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறார். குலுக்கல் அவருக்குத்தான் அதிகம். பள்ளம் வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. பல வண்டிகளில் பின் சீட்டின் ஃபோமும் மெல்லியது. ஃபோம் மாற்றும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

சேலை கட்டிய பெண்கள் ஒரு பக்கமாக உட்காருகிறார்கள். அப்போது இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் திரும்புகிறது. ஒரு மணி நேரம் அப்படிப் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும். வண்டி ஆடினாலும் பிடிமானம் குறைவு. நெடுந்தூரம் போகும் நாளில் சல்வார் போன்ற உடை போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது உடம்புக்கும் நல்லது, பாதுகாப்பும்கூட. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் வேண்டும். துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி இதைச் சொல்கிறது. அழகுக்காகச் சேலைத் தடுப்பைக் கழற்றிவிடுகிறார்கள் சிலர். அதைக் கழற்றக் கூடாது.

வலி போகாவிட்டால்

எவ்வளவு நல்ல சீட்டானாலும் உடம்பு அசைய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்துங்கள். 5 நிமிடம் நடங்கள். தண்ணீர் குடியுங்கள். நிற்க நேரம் இல்லாதவர்கள், வேகத்தடை வரும்போது மெதுவாகப் போய், கால் கட்டையில் பாரத்தைக் கொடுத்துப் பிட்டத்தைச் சற்றே தூக்கலாம். அந்த ஒரு நொடியிலும் இரத்தம் ஓடும்.

வால் எலும்புப் பக்கத்தில் கட்டி, சீழ் வந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். குலுங்கும் வண்டியில் நெடுநேரம் உட்காருபவர்களுக்கு இது வரலாம். இரண்டாம் உலகப் போரில் ஜீப் ஓட்டிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்கு வந்து, 'ஜீப் நோய்' என்றே பேர் வாங்கியது. மருத்துவரிடம் காட்டினால் குணப்படுத்தலாம்.

வலி இடுப்பிலிருந்து கால் வழியாகப் பாதம் வரை இறங்குகிறதா? இறங்கிய பிறகும் மரமரப்பு போகவில்லையா? அது சீட் விஷயம் அல்ல. மருத்துவரைப் பாருங்கள். தொடை இடுக்கு முழுவதும் உணர்ச்சி இல்லாமல், சிறுநீர் கழிப்பதிலும் சிரமம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புது சீட்டுக்கு உடம்பு பழக ஓரிரு வாரம் ஆகும். அதற்குள் முடிவு செய்ய வேண்டாம். முதல் நாளே தொலைதூரமும் போக வேண்டாம். வெட்டி எடுத்த பழைய ஃபோமைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள். புது ஃபோமில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால், பழைய வடிவம் என்ன என்று உஸ்தாத்துக்குக் காட்ட அது உதவும்.